மணிக்கட்டில் ஒட்டிப் பிறந்த எலும்புகள்: எக்ஸ்ரே அறைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ எக்ஸ்ரே அறையில் உட்கார்ந்தால் மணிக்கட்டுப் படம் இல்லாத நாளே கிடையாது. மாமரத்திலிருந்து விழுந்து கையூன்றியவர், தொப்பூர் கணவாயில் வண்டி சறுக்கியவர், ஓசூர் கம்பெனியில் இயந்திரத்தில் கை மாட்டியவர், வாலிபால் ஆடி விழுந்த காலேஜ் பையன் என்று வரிசையாக வருவார்கள். எலும்பு முறிந்திருக்கிறதா, இல்லையா என்பதுதான் எல்லோருக்கும் தெரிய வேண்டும். அப்படிப் பார்க்கும்போது, எப்போதாவது ஒரு படத்தில் இரண்டு சின்ன எலும்புகளுக்கு நடுவே இருக்க வேண்டிய கறுப்புக் கோடு இருக்காது. இரண்டும் ஒன்றாகத் தெரியும். புதிதாக வந்தவர்கள் அங்கேதான் தடுமாறுகிறார்கள். ஒருவர் 'பழைய முறிவு சேர்ந்திருக்கிறது' என்பார். இன்னொருவர் 'மூட்டுத் தேய்மானம்' என்பார். அது பிறவியிலேயே அப்படி அமைந்த கையாக இருக்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

எக்ஸ்ரே டெக்னீஷியன் படிப்பு முடித்து வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காகவும், எலும்புப் பிரிவில் போஸ்டிங் போட்டிருக்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்காகவும் இதை எழுதுகிறேன். எலும்புகளுக்கு நடுவே இடைவெளியைக் காணோம் என்றால் மூன்று கேள்விகளை இந்த வரிசையிலேயே கேளுங்கள். படம் சரியாக எடுக்கப்பட்டிருக்கிறதா? பிறவியிலேயே இப்படியா? ஏதாவது நோயோ அடியோ வந்து மூடியதா? வரிசை மாறினால் முடிவும் மாறிப்போகும்.

முதலில் எலும்புகளின் இருப்பிடம்

மணிக்கட்டில் எட்டு எலும்புகள், இரண்டு வரிசை. உள்ளங்கையைக் கீழே வைத்து எடுத்த படத்தில், கட்டைவிரல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தால் முன்கையை ஒட்டிய முதல் வரிசையில் ஸ்கேஃபாய்டு, லூனேட், ட்ரைக்விட்ரம் வரும். ட்ரைக்விட்ரத்தின் மேலேயே நிழலாகப் படிந்து பிசிஃபார்ம் உட்கார்ந்திருக்கும். விரல்களை ஒட்டிய இரண்டாம் வரிசையில் ட்ரபீசியம், ட்ரபிசாய்டு, கேப்பிடேட், ஹேமேட். நடுவில் பெரிதாக நிற்பது கேப்பிடேட். ஹேமேட்டின் உள்ளே ஒரு சின்ன வட்டம் தெரிந்தால் அது அந்த எலும்பின் கொக்கி.

தாயின் வயிற்றில் இந்த எலும்புகள் தனித்தனியாக உருவாகி வருவதில்லை. முதலில் குருத்தெலும்பு ஒரே திரளாக இருக்கும். கருவின் நான்காவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் அந்தத் திரளில் மூட்டு வர வேண்டிய இடங்களில் செல்கள் இறந்து பள்ளம் விழும். அப்படித்தான் எட்டும் பிரிகின்றன. ஓர் இடத்தில் மட்டும் அந்தப் பள்ளம் விழாமல் போனால், அங்கே இரண்டு எலும்பும் பிரியாமலே வளர்ந்துவிடும். அடிபட்டதோ, சத்துக் குறைவோ, பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது சாப்பிட்டதோ இதற்குக் காரணம் என்று எந்தத் தாயிடமும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அந்தப் பெண் ஆயுளுக்கும் தன்னையே நொந்துகொண்டிருப்பாள்.

அதிகம் பார்ப்பது லூனேட்டும் ட்ரைக்விட்ரமும் சேர்ந்ததைத்தான். அதற்கு அடுத்து கேப்பிடேட்டும் ஹேமேட்டும். பொதுவாக ஆயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கும் என்பார்கள். மேற்கு ஆப்பிரிக்க மக்கள் சிலரிடம் நூற்றுக்கு எட்டுப் பேர் வரைகூடப் பார்த்திருக்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. பாதிப் பேருக்கும் மேல் இரண்டு கைகளிலும் இருக்கும். இதை மறக்காதீர்கள், பின்னால் உதவும்.

படத்தை ஒழுங்காக எடுங்கள்

கையில் இருப்பதையெல்லாம் முதலில் கழற்றச் சொல்லுங்கள்: வளையல், காப்பு, வாட்ச், தாயத்துக் கட்டிய கயிறு. கோயில் கயிறாக இருந்தால் சிலர் தயங்குவார்கள். அறுக்க வேண்டாம், முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டால் போதும் என்று சொல்லுங்கள். நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட்டுக்கொண்டு வருபவர்கள் இந்தப் பக்கம் நிறைய. கட்டோடு எடுத்த படத்தில் மூங்கில் பத்தையும் மருந்து அப்பிய துணியும் கோடு கோடாக விழுந்து, எலும்பு இடைவெளியை மறைத்துவிடும். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, அவிழ்த்த பிறகே எடுங்கள். கர்ப்பமாக இருக்கலாமா என்று தெரிந்துகொள்ள, பெண்களிடம் கடைசியாகத் தலைக்குளித்த (மாதவிடாய்) தேதியைக் கேட்க வெட்கப்படாதீர்கள்.

பி.ஏ. படத்துக்கு, அதாவது நேர்ப்படத்துக்கு, நோயாளியை மேசைக்குப் பக்கவாட்டில் உட்கார வையுங்கள். தோள்பட்டையும் முழங்கையும் மேசையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். முழங்கை 90 டிகிரி மடங்கட்டும். உள்ளங்கை கீழே. விரல்களை லேசாக மடக்கச் சொன்னால் மணிக்கட்டு கேசட்டோடு (படம் பதியும் பெட்டி) ஒட்டிப் படியும். கதிர் மணிக்கட்டின் நடுவில் நேராக இறங்கட்டும். முன்கையின் கீழ்ப்பகுதியும் படத்தில் வர வேண்டும். நம் மாவட்டங்களில் இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, கீழே வருகிறது.

கை கொஞ்சம் சாய்ந்தாலும் ட்ரைக்விட்ரம் லூனேட்டின் மேல் ஏறி, இரண்டும் ஒன்றுபோலக் காட்டும். ட்ரபீசியமும் ட்ரபிசாய்டும் நேர்ப்படத்தில் எப்போதுமே ஒன்றன்மேல் ஒன்று படிந்துதான் தெரியும். அதைப் பார்த்து 'ஒட்டியிருக்கிறது' என்று சொல்லாதீர்கள், அவற்றைப் பிரித்துக் காட்ட ஒப்ளிக் படம் (கையைச் சாய்த்து எடுப்பது) இருக்கிறது.

லேட்டரல் படத்தை (பக்கவாட்டுப் படம்) எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். கையை ஊன்றி விழுந்தவருக்கு லூனேட்டைச் சுற்றி எலும்புகள் விலகியிருந்தாலும், நேர்ப்படத்தில் இரண்டு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒட்டியதுபோலவே தெரியும். பிறவி அமைப்பு என்று நினைத்து அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் கை போய்விடும். லேட்டரலில் ரேடியஸ் (முன்கையில் கட்டைவிரல் பக்க எலும்பு), லூனேட், கேப்பிடேட் மூன்றும் ஒரே நேர்கோட்டில் ஒன்றின் கிண்ணத்தில் ஒன்று உட்கார்ந்திருக்க வேண்டும். கேப்பிடேட் லூனேட்டின் கிண்ணத்தைவிட்டு வெளியே நின்றால் அடுத்த நிமிடமே எலும்பு டாக்டரைக் கூப்பிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

வளைவுகளைப் பேனாவால் போட்டுப் பாருங்கள்

கிலூலா என்ற கதிரியக்க மருத்துவர் 1979-ல் சொன்ன முறை இது. இன்றும் இதைவிட எளிதான வழி எனக்குத் தெரியாது. நேர்ப்படத்தில் மூன்று வளைவுகள். முதல் வரிசை எலும்புகளின் முன்கைப் பக்க விளிம்பில் ஒன்று, அதே எலும்புகளின் விரல் பக்க விளிம்பில் இரண்டாவது, கேப்பிடேட், ஹேமேட் இரண்டின் முன்கைப் பக்க விளிம்பில் மூன்றாவது. ஃபிலிமாக இருந்தால் வியூ பாக்ஸில் மாட்டி, மேலே ஒரு கண்ணாடித் தாளை வைத்து மார்க்கரால் வரையுங்கள். கம்ப்யூட்டர் திரையாக இருந்தால் விரலாலாவது ஓட்டிப் பாருங்கள்.

ஒட்டிப் பிறந்த எலும்பில் வளைவு உடையாது. விரல் வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி மட்டும் இருக்காது. விலகலிலோ முறிவிலோ வளைவு படியாக இறங்கும் அல்லது ஏறும். கண்ணை ஏமாற்றாத வித்தியாசம் இதுதான்.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. லூனேட்டும் ட்ரைக்விட்ரமும் சேர்ந்திருப்பவர்களுக்குப் பக்கத்தில் ஸ்கேஃபாய்டுக்கும் லூனேட்டுக்கும் நடுவே இடைவெளி வழக்கத்தைவிட அகலமாக இருப்பதுண்டு. சாதாரணமாக அந்த இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் போனால் தசைநார் கிழிந்திருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டும். இவர்களுக்கோ நார் நன்றாக இருந்தும் அகலமாகத் தெரியலாம். இன்னொரு கையிலும் அதே அகலம் இருந்தால் கிழிசலாக இருப்பதற்கு வாய்ப்பு குறைவு. ஒப்பிட மறு கைக்கு ஒரே ஒரு நேர்ப்படம் போதும். மணிக்கட்டுப் படத்தின் கதிர்வீச்சு மிகக் குறைவுதான், ஆனாலும் டாக்டர் கேட்டால் மட்டுமே எடுங்கள்.

எவ்வளவு தூரம் ஒட்டியிருக்கிறது

1952-ல் மின்னார் என்ற தென்னாப்பிரிக்க மருத்துவர் லூனேட் ட்ரைக்விட்ரம் சேர்க்கையை நான்கு வகையாகப் பிரித்தார். ரிப்போர்ட்டில் 'மின்னார் டைப்' என்று எழுதியிருந்தால் அது இவர் பெயர்.

மூன்றாவது வகைதான் பார்த்தவுடன் தெரிவது. எல்லையே இல்லாமல் இரண்டும் ஒரே எலும்பாக இருக்கும். உள்ளே ஓடும் மெல்லிய எலும்பு இழைகள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை தடையில்லாமல் போகும். நான்காவது வகை என்பது இதோடு மணிக்கட்டில் வேறு குறையும் சேர்ந்தது. இரண்டாவது வகையில் ஒட்டியிருக்கும், ஆனால் விரல் பக்கத்தில் ஒரு வெட்டு மிச்சமிருக்கும். இரண்டு கொட்டை உள்ள புளியம்பழத்தில் நடுவே இடுக்கியிருக்குமே, அந்த மாதிரி. வெட்டின் விளிம்பு வழவழப்பாக, மெல்லிய வெள்ளைக் கோட்டோடு இருந்தால் முறிவுக் கோடு என்று பயப்பட வேண்டாம்.

முதல் வகையில்தான் நிதானம் வேண்டும். இதில் எலும்பு எலும்போடு சேர்ந்திருக்காது. நடுவில் நாரோ குருத்தெலும்போ நின்று, பாதி பிரிந்ததும் பிரியாததுமாக இருக்கும். படத்தில் இடைவெளி தெரியும், ஆனால் குறுகலாக, ஒழுங்கில்லாத விளிம்போடு. இரண்டு பக்கமும் வெள்ளையாகக் கெட்டித்திருக்கும். சில நேரம் சின்னச் சின்னக் குழிகளும் தெரியும். தேய்மானம் என்று எழுத கை பரபரக்கும். முழுதாக ஒட்டியவர்கள் பெரும்பாலும் வலி என்றே வருவதில்லை, வேறு எதற்கோ எடுத்த படத்தில் தற்செயலாகத் தெரியும். வலியோடு வருபவர்களிடம் அதிகம் பார்ப்பது இந்த அரைகுறை வகையைத்தான்.

பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். புளி சீசனில் நாள் முழுக்கச் சுத்தியலால் கொட்டை எடுக்கும் வேலை. வலது கையில் சுண்டுவிரல் பக்கம் வலி. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவியிருக்கிறார்கள், அடங்கவில்லை. படத்தில் லூனேட்டுக்கும் ட்ரைக்விட்ரத்துக்கும் நடுவே தலைமுடி அளவுக்கு ஒரு கோடு, நேராகக்கூட இல்லை, வளைந்து நெளிந்து போனது. அதன் இரு கரையும் வெளுத்திருந்தன. ட்ரைக்விட்ரம் பக்கம் மிளகளவு ஒரு குழி. மணிக்கட்டின் மற்ற மூட்டுகளெல்லாம் சுத்தம். ரேடியஸ் மூட்டில் தேய்மானம் இல்லை, விரல் மூட்டுகளில் அரிப்பு இல்லை. "தம்பி, எலும்பு தேஞ்சு போச்சுன்னு சொல்றாங்களே, இனி சுத்தியல் புடிக்க முடியாதா?" என்று கேட்டார். டாக்டர் இடது கைக்கும் படம் கேட்டார். அதிலும் அதே கோடு, அதே இடத்தில். அந்தக் கையில் வலியே இல்லை. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, "அம்மா, இது தேஞ்சது இல்ல. பிறக்கும்போதே உங்களுக்கு இந்த ரெண்டு எலும்பும் முழுசா பிரியல. வலது கைக்கு வேலை ஜாஸ்தி, அதனால அங்க வலிக்குது" என்று டாக்டர் விளக்கினார். அந்த அம்மாவின் முகம் தெளிந்ததைப் பார்த்தேன்.

தேய்மானம் என்றால் ஒரே ஒரு மூட்டில், இளவயதில், இரு கைகளிலும் ஒரே இடத்தில் வருவது அரிது. அந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பிறவி அமைப்பை நினையுங்கள்.

பிறவியா, நோயா

காசநோயும் சீழ் பிடித்த மூட்டும் முடக்குவாதமும் கடைசியில் மணிக்கட்டு எலும்புகளை ஒன்றாக்கிவிடும். ஆனால் அந்தப் படங்கள் வேறு மாதிரி. சுற்றிலும் எலும்பு வெளிறிச் சுண்ணாம்புச் சத்து குறைந்து தெரியும். விளிம்புகள் அரித்திருக்கும். எலும்புகளின் உருவமே சிதைந்து, கூட்டமாக நெருக்கியிருக்கும். முடக்குவாதத்தில் அல்னாவின் (முன்கையில் சுண்டுவிரல் பக்க எலும்பு) முனையும் விரல்களின் அடிமூட்டுகளும் சேர்ந்து கெட்டிருக்கும். பல மாதம் வீங்கியிருந்தது, காய்ச்சல் வந்தது, அறுவை செய்தார்கள் என்று ஏதாவது கதை இருக்கும். பிறவி அமைப்பில் கதையே இருக்காது. இரண்டு எலும்பின் வெளி உருவமும் அப்படியே இருக்க, நடுக்கோடு மட்டும் இருக்காது.

இனி ஃப்ளூரைடு. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுமே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளூரைடு அதிகம் உள்ள இடங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அதற்கு மேல் இருந்த தண்ணீரைத் தலைமுறையாகக் குடித்த ஊர்கள் இங்கே உண்டு. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-ல் தொடங்கி வைத்தார்கள். வயதானவர்களின் எலும்பில் பழைய தண்ணீரின் தடம் இன்னும் இருக்கிறது. வெளியூரில் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் இதைப் புத்தகத்தில்தான் பார்த்திருப்பார்கள்.

முன்கையின் கீழ்ப்பகுதியைப் படத்தில் சேர்க்கச் சொன்னது இதற்காகத்தான். ரேடியஸ், அல்னா இரண்டுக்கும் நடுவே இருக்கும் சவ்வு ஃப்ளூரோசிஸில் (ஃப்ளூரைடு மிகுந்து எலும்பைத் தாக்கும் நோய்) எலும்பாகக் கெட்டித்து, எலும்பு விளிம்பிலிருந்து முள் முள்ளாக நீண்டு தெரியும். எலும்பெல்லாம் வழக்கத்தைவிட வெளுத்து அடர்த்தியாக இருக்கும். நோயாளி பேசும்போது பல்லைப் பாருங்கள், பழுப்புக் கறை தெரியலாம். எந்த ஊர், எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தீர்கள் என்று கேளுங்கள். சவ்வும் தசைநார் ஒட்டும் இடங்களும் கெட்டிப்பதுதான் ஃப்ளூரைடின் அடையாளம். சவ்வு சுத்தமாக இருந்து, லூனேட்டும் ட்ரைக்விட்ரமும் மட்டும் வழவழப்பாக ஒன்றாகியிருந்தால் தண்ணீரின் மேல் பழி போடாதீர்கள். ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். அப்போது இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

குழந்தைகளின் கை

சின்னப் பிள்ளைகளின் படத்தில் ஒட்டியிருக்கிறதா என்று தேடுவதில் அவசரம் கூடாது. எலும்பாக மாறாத குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது. பிறந்து சில மாதங்களில் கேப்பிடேட்டும் ஹேமேட்டும் தெரியும், இரண்டு மூன்று வயதில் ட்ரைக்விட்ரம், அதையொட்டி லூனேட், நான்கிலிருந்து ஆறுக்குள் ஸ்கேஃபாய்டும் ட்ரபீசியமும் ட்ரபிசாய்டும், கடைசியாக எட்டு வயதுக்குப் பிறகு பிசிஃபார்ம். ஐந்து வயதில் தனித்தனியாகத் தெரிந்த இரண்டு புள்ளிகள் பத்துப் பன்னிரண்டு வயதில் ஒன்றாகத் தெரியலாம். முதல் படம் தவறு என்று அர்த்தமில்லை, நடுவில் இருந்த குருத்தெலும்பு அப்போதுதான் எலும்பாகியிருக்கிறது. வயதைத் தெரிந்துகொள்ளச் சின்னக் குழந்தையின் மணிக்கட்டு எலும்புகளை எண்ணும்போதும் இதை மனதில் வையுங்கள். ஒட்டிய கையில் எண்ணிக்கை ஒன்று குறைந்து, வயதும் குறைந்து தெரியும்.

ஒரே வரிசைக்குள் இரண்டு எலும்புகள் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் அது தனியான அமைப்பு, உடம்பில் வேறு எதுவும் இருக்காது. முதல் வரிசை எலும்பு இரண்டாம் வரிசை எலும்போடு சேர்ந்திருந்தாலோ, பல எலும்புகள் ஒன்றாகக் கட்டியாக இருந்தாலோ, குழந்தையை முழுதாகப் பார்க்க வேண்டும். விரல் கூடுதலாக இருக்கிறதா, விரல் மடங்குகிறதா, முன்கை திரும்புகிறதா, பாதம் எப்படி இருக்கிறது, வயதுக்கேற்ற உயரம் இருக்கிறதா என்று டாக்டர் பார்ப்பார். ஒரே வரிசைச் சேர்க்கையிலும் விதிவிலக்கு உண்டு: எல்லிஸ் வான் கிரிவெல்டு என்ற பிறவிக் குறையில் கேப்பிடேட்டும் ஹேமேட்டும் ஒட்டியிருக்கும், சுண்டுவிரல் பக்கம் ஆறாவது விரல் இருக்கும், இதயத்திலும் குறை இருக்கலாம். ஹோல்ட் ஓரம் குறையிலும் கையும் இதயமும் சேர்ந்தே பாதிக்கும். அதனால் கூடுதல் விரலோடு வரும் குழந்தையின் மணிக்கட்டைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் இதயத்துக்கு எக்கோ எடுக்கச் சொல்வார்கள். எல்லிஸ் வான் கிரிவெல்டு, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால்தான் பிள்ளைக்கு வரும் வகை. நம் பக்கம் மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்தில் கட்டுவது சகஜம். 'சொந்தத்துல கல்யாணமா?' என்று கேட்பது டாக்டரின் வேலை, குற்றம் சாட்டும் குரலில் கேட்காமல் இருந்தால் உண்மையான பதில் வரும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் குடும்பங்களில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்கள் உண்டு, அவர்கள் மொழி தெரிந்த ஊழியர் யாராவது கூட நிற்கட்டும்.

நோயாளியிடம் என்ன சொல்வது, எங்கே அனுப்புவது

ரிப்போர்ட் கொடுப்பது கதிரியக்க மருத்துவரோ எலும்பு டாக்டரோதான். டெக்னீஷியன் வாய்விட்டு நோய்ப் பெயர் சொல்லக் கூடாது. ஆனால் ரெக்விசிஷனில் (படம் எடுக்கச் சொல்லி வந்த சீட்டு) ஒரு வரி எழுதி அனுப்பலாம்: எந்தக் கை, வலி எந்த விரல் பக்கம், எப்போதிலிருந்து, விழுந்ததா இல்லையா, மறு கையில் வலி உண்டா. அந்த ஒரு வரி இல்லாத படத்தைப் படிப்பவர் ஊகத்தில்தான் எழுத வேண்டியிருக்கும்.

ஹவுஸ் சர்ஜன்களுக்கு: முழுதாக ஒட்டியிருந்து வலி இல்லை என்றால் வைத்தியம் எதுவும் தேவையில்லை. மாவுக்கட்டும் வேண்டாம், கால்சியம் மாத்திரையும் வேண்டாம். ஆனால் நோயாளியின் ஓ.பி. சீட்டில் தெளிவாக எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை வேறெங்காவது கையை ஊன்றி விழுந்து படம் எடுத்தால், பார்க்கிறவர் புது முறிவு என்று நினைக்காமல் இருப்பார். விபத்து வழக்குகளில் காயச் சான்றிதழ் எழுதுபவருக்கும் இந்த ஒரு வரி மிக முக்கியம்.

அரைகுறையாக ஒட்டி வலியோடு வந்தவரை 'பிறவிதானே' என்று அனுப்பிவிடாதீர்கள். அந்த வலி நிஜம். முதலில் ஓய்வு, மணிக்கட்டுக்கு ஸ்பிளின்ட் (அசையாமல் தாங்கும் பட்டை), வலி மாத்திரை. வேலையை அடியோடு நிறுத்தச் சொன்னால் கூலிக்காரர்கள் கேட்கமாட்டார்கள், முடியவும் முடியாது. சுத்தியலை இடது கைக்கு மாற்றுவது, பாரம் தூக்கும் வேலையைச் சில வாரம் வேறு ஆளிடம் விடுவது என்று அவர்களுக்கு முடிந்ததைச் சொல்லுங்கள். அடங்காவிட்டால் மூட்டுக்குள் ஊசி போடுவார்கள். அதற்கும் அடங்காத சிலருக்கு, அரைகுறையாக நிற்கும் அந்த இரண்டு எலும்புகளையும் அறுவை செய்து முழுதாகச் சேர்த்துவிடுவார்கள். இயற்கை பாதியில் விட்டதை முடித்து வைப்பதால், அசைவில் பெரிய இழப்பு இருக்காது.

எக்ஸ்ரேயில் சந்தேகம் தீரவில்லை என்றால் சி.டி.யில் எலும்புப் பாலம் இருக்கிறதா என்று தெளிவாகத் தெரியும். முதல் வகை என்று தோன்றி வலியும் இருந்தால் எம்.ஆர்.ஐ. நல்லது, எலும்பு மஜ்ஜையில் நீர் கோத்திருப்பதும் நார் கிழிசலும் அதில் தெரியும். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எலும்பு சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அரூரிலோ ஊத்தங்கரையிலோ எடுத்த படமாக இருந்தாலும் அதைக் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள். இரண்டு கைகளின் படமும் ஒரே உறையில் இருக்கட்டும், 'வலது', 'இடது' மார்க்கர் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று கொடுப்பதற்கு முன் ஒருமுறை பாருங்கள்.